கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர் வீட்டு ஹை-ஃபைக்குப் பொருந்துமா?

எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயருக்கு வயதாகிவிட்டது. வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் ஓயாமல் ரீங்கரிக்கிறது. சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டால் மேல்மூடியில் உள்ளங்கையை வைக்க முடிவதில்லை. மாற்று ஆம்ப் தேடத் தொடங்கியபோது, என் பட்ஜெட்டுக்குள் வந்தவற்றில் பெரும்பாலானவை கிளாஸ் டி வகையாகவே இருந்தன. இசை ஆர்வமுள்ள நண்பர்களிடம் கேட்டேன். ஒரு சாரார், அது சப்வூஃபருக்கும் கல்யாண மண்டப மைக்செட்டுக்கும்தான் லாயக்கு, உட்கார்ந்து கேட்கிற சங்கீதத்துக்கு ஆகாது என்றனர். மற்றவர்கள், இந்தக் காலத்தில் பத்துக் கிலோ இரும்பை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்று சிரித்தனர். இரு தரப்பும் ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதுகிறார்கள் என்றே எனக்குப் பட்டது. ஃபீட்பேக் (வெளியே போகும் ஒலியைத் திரும்ப எடுத்து, உள்ளே வந்ததோடு ஒப்பிட்டுப் பிழை திருத்தும் முறை) எந்த இடத்திலிருந்து எடுக்கப்படுகிறது, மின்சாரம் எங்கிருந்து வருகிறது, அந்தப் பக்கம் மாட்டப்போகும் ஸ்பீக்கர் எப்படிப்பட்டது என்பவற்றைப் பார்க்காமல் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல இயலாது.

முதலில் வேலை செய்யும் முறை. வழக்கமான ஏபி வகை ஆம்ப்ளிஃபயரில் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் பாதி திறந்த நிலையில் நின்று, ஸ்பீக்கருக்குத் தேவையான மின்னழுத்தத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியைத் தாங்களே சூடாகச் செலவழிக்கின்றன. பழைய காலத்துப் பெட்டி ஃபேன் ரெகுலேட்டர் எப்படிக் காற்றாடியின் வேகத்தைக் குறைத்துவிட்டுத் தான் கொதித்துக்கொண்டிருந்ததோ, அப்படித்தான். கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயரில் டிரான்சிஸ்டர்கள் முழுவதுமாகத் திறக்கும், அல்லது முழுவதுமாக மூடும், இடைநிலை கிடையாது. நொடிக்கு நான்கு லட்சம், ஐந்து லட்சம் முறை திறந்து மூடும் இந்தத் துடிப்புகளின் அகலத்தில்தான் பாட்டு இருக்கிறது. ஒலி அலை உயரும்போது துடிப்பு அகலமாகவும், தாழும்போது குறுகலாகவும் மாறுகிறது. அந்த அகலம் தொடர்ச்சியாக மாறக்கூடியது என்பதால் இதை டிஜிட்டல் கருவி என்று சொல்வது தவறு. கடைசியில் ஒரு காயிலும் ஒரு கெபாசிட்டரும் சேர்ந்த வடிகட்டி, துடிப்புகளைத் தடுத்து அவற்றின் சராசரியை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. அந்தச் சராசரிதான் நாம் கேட்கும் ஒலி.

திறந்த நிலையில் டிரான்சிஸ்டரின் மீது மின்னழுத்தம் ஏறக்குறைய இல்லை; மூடிய நிலையில் அதன் வழியே மின்னோட்டம் இல்லை. இரண்டில் ஒன்று எப்போதும் பூஜ்யத்தை ஒட்டியிருப்பதால் வீணாகும் சக்தி மிகக் குறைவு. ஏபிக்கு அடிப்படையான பி வகையின் கோட்பாட்டு உச்சத் திறன், அதாவது இழுக்கும் சக்தியில் ஸ்பீக்கருக்குப் போகும் பங்கு, 78.5 சதவீதம்; டிரான்சிஸ்டர்களில் எப்போதும் மின்னோட்டம் பாய்ந்துகொண்டே இருக்கும் ஏ வகையில் அது அதிகபட்சம் 50 சதவீதம். டி வகைக்குக் கோட்பாட்டில் 100, நடைமுறையில் 85 முதல் 95 வரை கிடைக்கிறது. ஆனால் இவை எல்லாமே முழுச் சத்தத்தில் ஓடும்போது உள்ள கணக்கு. வீட்டில் நாம் கேட்கும் அளவில் ஆம்ப்ளிஃபயர் ஒரு வாட்டுக்கும் குறைவாகவே கொடுக்கிறது என்பதால், சும்மா இருக்கும்போது அது எவ்வளவு இழுக்கிறது என்பதே முக்கியம். சேனலுக்கு 25 வாட் தரும் நல்ல ஏ வகை ஆம்ப், பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் 180 வாட் அளவுக்கு இழுக்கும். நாளுக்கு நான்கு மணி நேரம் போட்டால் இரண்டு மாத மின்கட்டணக் கணக்கில் 43 யூனிட். அதே நேரம் ஓடும், பத்து வாட் மட்டும் இழுக்கும் டி வகைக் கருவிக்கு இரண்டரை யூனிட்டுக்கும் குறைவு.

கட்டணத்தை விடவும் எனக்கு உறுத்துவது சூடு. குளிர்நாட்டுக்காரர் தன் ஏ வகை ஆம்ப் அறையைக் கதகதப்பாக்குகிறது என்று பெருமை பேசலாம். சென்னையில் மே மாதம் அந்த 180 வாட்டையும் வெளியே தள்ள ஏ.சி. தனியாக உழைக்க வேண்டும், ஏ.சி.யின் சத்தத்தில் பாட்டின் மெல்லிய பகுதிகள் காணாமல் போகும். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள், வெப்பநிலை பத்து டிகிரி உயர்ந்தால் பாதியாகக் குறையும் என்பது மின்னணுத் துறையில் பொதுவாகக் கையாளப்படும் விதி. அறையே 35 டிகிரியில் இருக்கும் ஊரில், மூடிய அலமாரிக்குள் வைக்கப்பட்ட ஏபி வகை ஆம்ப் சீக்கிரமே ஹம் அடிக்கத் தொடங்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இவ்வளவு அனுகூலங்கள் இருந்தும் இந்த வகைக்குக் கெட்ட பெயர் வந்தது சும்மா அல்ல. 1964இல் பிரிட்டனின் சின்க்ளேர் நிறுவனம் எக்ஸ்-10 என்ற கிட் ஒன்றை விற்றது. பெயரில் பத்து இருந்தாலும் அது தந்தது 2.5 வாட்தான். அடுத்த ஆண்டு வந்த எக்ஸ்-20, அன்றைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களின் சோம்பலால் தடுமாறியது. 1977இல் சோனி, டிஏ-என்88 என்ற கருவியில் புதிய வகை டிரான்சிஸ்டர்களையும் ஸ்விட்சிங் பவர் சப்ளையையும் வைத்து மீண்டும் முயன்றது. வேகமாகத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் என்ற வகை டிரான்சிஸ்டர்கள் மலிவானபோதுதான் விஷயம் கைகூடியது. ட்ரைபாத் நிறுவனத்தின் சிறு சிப்புகளைக் கொண்டு இரண்டாயிரங்களின் நடுவில் வந்த பிளாஸ்டிக் பெட்டி ஆம்ப்கள், விலைக்கு மீறிய ஒலி தருவதாக உலகெங்கும் பேசப்பட்டன. ஆனால் அந்த நிறுவனமே 2007இல் திவாலாகிவிட்டது. நடுவே கார் ஸ்டீரியோவிலும் சப்வூஃபரிலும் வந்த முரட்டுத்தனமான டி வகைகளைக் கேட்டவர்கள்தான், உயர் சுரங்கள் கண்ணாடி உடைவதுபோல் இருக்கும் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டது உண்மை. அதற்கான காரணமும் தெளிவானது. அது அந்தக் காயிலில் இருக்கிறது.

ஒரு சிறிய கிளாஸ் டி ஆம்ப்பின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், நடுவில் நகத்தளவு சிப், அதன்மேல் ஒரு ஹீட்சிங்க், ஸ்பீக்கர் டெர்மினல்களை ஒட்டி வரிசையாக நான்கு காயில்கள், பக்கத்திலேயே சதுரமான ஃபிலிம் கெபாசிட்டர்கள் தெரியும். ஒரு சேனலுக்கு இரண்டு காயில்கள். ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் இரண்டு முனைகளையும் ஆம்ப் எதிரெதிராக இயக்குவதால் (இதற்குப் பிரிட்ஜ் முறை என்று பெயர்) இரண்டு பக்கமும் வடிகட்டி தேவைப்படுகிறது. ஒவ்வொரு வடிகட்டியும் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸில், அதாவது ஓமில் சொல்லப்படும் மின்தடையில், பாதியையே காண்கிறது. பரவலாகக் கிடைக்கும் ஓர் இணையை எடுத்துக்கொள்வோம்: 10 மைக்ரோஹென்றி காயில், 0.68 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். இவற்றின் ஒத்ததிர்வு, அதாவது இரண்டும் சேர்ந்து இயல்பாக அதிரும் இடம், 61 கிலோஹெர்ட்ஸில் வருகிறது. இனி ஸ்பீக்கரை மாட்டிக் கணக்குப் போட்டால், 8 ஓம் சுமைக்கு 20 கிலோஹெர்ட்ஸில் ஒலி ஏறத்தாழ அரை டெசிபெல் உயர்கிறது; 4 ஓம் சுமைக்கு அதே இடத்தில் முக்கால் டெசிபெல் தாழ்கிறது; டிவீட்டரின் (உயர் சுரங்களுக்கான சிறு ஸ்பீக்கர்) சுருளால் அந்த அதிர்வெண்ணில் 20 ஓம் வரை ஏறும் ஸ்பீக்கருக்கு 0.9 டெசிபெல் உயர்கிறது. அதாவது, ஆம்ப்ளிஃபயரின் குணத்தை ஸ்பீக்கர் தீர்மானிக்கிறது. ஒருவர் வீட்டில் மந்தமாக ஒலிப்பதும் அடுத்தவர் வீட்டில் கூர்மையாக ஒலிப்பதும் ஒரே பெட்டியாக இருக்கலாம்.

இதைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. அதே கணக்கை 10 கிலோஹெர்ட்ஸில் போட்டால் 8 ஓமுக்கும் 4 ஓமுக்கும் இடையிலான வித்தியாசம் மூன்றில் ஒரு டெசிபெல் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது, நாற்பதைத் தாண்டிய காதுகளுக்கு 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் எதுவும் கேட்பதில்லை. ஜால்ராவின் கணகணப்பிலோ மிருதங்கத்தின் வலந்தலை நாதத்திலோ இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்பவரை நான் சற்றுச் சந்தேகத்துடனேயே பார்ப்பேன். ஆனால் சிக்கனத்துக்காகப் பொருந்தாத காயிலும் கெபாசிட்டரும் போட்ட மலிவுப் பலகைகளில் ஒத்ததிர்வு இன்னும் கீழே இறங்கி வந்துவிடலாம். அப்போது வித்தியாசம் காதுக்கு எட்டும். அத்துடன், காயிலின் உட்கருவுக்கு ஒரு கொள்ளளவு உண்டு. பலமான பாஸ் வரும்போது அதன் வழியே பாயும் மின்னோட்டத்தால் உட்கரு நிறைவடையத் தொடங்கினால், காயில் காயிலாக நடந்துகொள்வதில்லை, ஒலிச்சிதைவு ஏறுகிறது. ஃபீட்பேக் காயிலுக்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தால், அதற்குப் பிறகு நடக்கும் எந்தக் குற்றமும் ஆம்ப்ளிஃபயருக்குத் தெரியாது; திருத்தவும் திருத்தாது.

இந்த இடத்தில்தான் பெல்ஜியத்தைச் சேர்ந்த பொறியாளர் புரூனோ புட்சேஸின் பெயரைச் சொல்ல வேண்டும். ஃபிலிப்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியபோது அவர் உருவாக்கிய யூசிடி என்ற அமைப்பில் ஃபீட்பேக் வடிகட்டிக்குப் பின்னால், ஸ்பீக்கர் முனையிலிருந்தே எடுக்கப்பட்டது. வடிகட்டி ஏற்படுத்தும் தாமதத்தால் இப்படிச் செய்தால் சுற்று அலைவுக்குள் போய்விடும் என்பதுதான் பொறியாளர்களுக்கு இருந்த தயக்கம். அவர் அந்த அலைவையே ஸ்விட்சிங்குக்குரிய துடிப்பாகப் பயன்படுத்திக்கொண்டார். தடையாக இருந்ததையே வேலைக்கு அமர்த்திய இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. அதன் தொடர்ச்சியாக நெதர்லாந்தின் ஹைப்பெக்ஸ் நிறுவனத்தில் என்கோர், பின்னர் டென்மார்க்கின் ப்யூரிஃபை நிறுவனத்தில் ஐகன்டாக்ட் என்று அடுத்தடுத்த தலைமுறைகள் வந்தன. இவற்றில் சிறந்தவற்றின் ஒலிச்சிதைவு 0.001 சதவீதத்துக்கும் கீழே இருக்கிறது. 4 ஓம் ஸ்பீக்கருக்கும் 8 ஓம் ஸ்பீக்கருக்கும் இவை ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. ஏ, ஏபி வகைகளுக்கே பெயர்போன மாரன்ட்ஸ், 2017இல் தன் உச்ச மாடலான பிஎம்-10இல் ஹைப்பெக்ஸ் தொகுதிகளை வைத்தது. என்ஏடி நிறுவனம் 2020இல் எம்33 மாடலில் ஐகன்டாக்டை வைத்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3255 சிப்பில் இயங்கும் மலிவான ஆம்ப்களிலும் இப்போது வடிகட்டிக்குப் பின்னாலிருந்து ஃபீட்பேக் எடுக்கும் மாடல்கள் கிடைக்கின்றன. வியம் ஆம்ப் அப்படிப்பட்ட ஒன்று. ஆகவே கடையில் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: ஃபீட்பேக் காயிலுக்கு முன்னாலா, பின்னாலா? கடைக்காரர் விழிப்பார். பரவாயில்லை, அளவீட்டு வரைபடத்தில் 4 ஓம், 8 ஓம் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றனவா என்று பார்த்தால் போதும், விடை கிடைத்துவிடும்.

அடுத்தது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாட். டிபிஏ3255 சிப்பின் தரவுத்தாளில் சேனலுக்கு 315 வாட் என்றிருக்கும். அது 4 ஓம் சுமையில், 10 சதவீத ஒலிச்சிதைவில் கிடைக்கும் எண். பத்து சதவீதச் சிதைவு என்பது எந்தக் காதும் முகம் சுளிக்கும் அளவு. ஒரு சதவீதத்துக்குள் நின்றால் 4 ஓமில் 260 வாட், 8 ஓமில் 150 வாட். இதற்கும் சிப்புக்கு ஐம்பது வோல்ட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். ஆம்ப்புடன் வரும் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 32 வோல்ட், 5 ஆம்பியர் என்று இருக்கும். பெருக்கினால் 160 வாட்; இழப்பு போக இரண்டு சேனலுக்கும் சேர்த்து 144 வாட்டுக்கு மேல் எங்கிருந்து வரும்? 8 ஓம் ஸ்பீக்கரில் 32 வோல்ட் உச்சத்துக்குச் சேனலுக்கு 64 வாட்தான் கோட்பாட்டு எல்லை, கையில் கிடைப்பது அதைவிடக் கொஞ்சம் குறைவு. இது மோசமான அளவு அல்ல, வீட்டுக்குத் தாராளம். அப்படியிருக்க அட்டைப்பெட்டியில் 600 வாட் என்று எழுதும் வழக்கம் மட்டும் இந்தத் தொழிலை விட்டுப் போகவில்லை. நம்மூரில் நாலு அங்குல ஸ்பீக்கரில் நாலாயிரம் வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய காலத்தின் நீட்சி அது.

எத்தனை வாட் வேண்டும் என்பதை ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டியிலிருந்து கணக்கிடலாம். என்னிடம் இருப்பவை ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 85 டெசிபெல் தரும் சிறிய புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அறையின் எதிரொலியையும் சேர்த்து ஏறக்குறைய ஆறு டெசிபெல் குறையும், இரண்டு ஸ்பீக்கர்கள் என்பதால் மூன்று கூடும். ஆக, சேனலுக்கு ஒரு வாட்டில் என் நாற்காலிக்கு வருவது 82 டெசிபெல். நான் வழக்கமாகக் கேட்பது 75 டெசிபெல்லை ஒட்டி. அதற்கு ஐந்தில் ஒரு வாட் போதும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரர் ஓங்கி ஒரு மோரா வைக்கும் கணத்தில் 95 டெசிபெல் தேவைப்பட்டால், பதின்மூன்று டெசிபெல் கூடுதல், அதாவது 20 வாட். சத்தம் இருமடங்காகத் தோன்றப் பத்து மடங்கு வாட் வேண்டும் என்ற உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால், 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் மூன்றே டெசிபெல் என்பது தெரியவரும். அதற்கு இருமடங்கு விலை கொடுக்க மனம் வராது.

மறுபக்கம், அதிக சென்சிடிவிட்டி உள்ள ஹார்ன் ஸ்பீக்கர் வைத்திருப்போருக்கு மலிவான டி வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். மலிவு ஆம்ப்களில் வரும் டிபிஏ3116 சிப்பில் 20, 26, 32, 36 டெசிபெல் என்று நான்கு பெருக்க அளவுகளில் ஒன்றை உற்பத்தியாளர் தேர்ந்தெடுக்கலாம். செல்பேசியை நேரடியாகச் செருகினாலும் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக உயர்ந்த அளவை வைத்துவிட்டால், பாட்டு ஓடாதபோது டிவீட்டரிலிருந்து இஸ்ஸ் என்ற இரைச்சல் அறை முழுக்கக் கேட்கும். வால்யூம் குமிழும் எட்டு மணி நிலைக்கு மேல் திருப்ப முடியாதபடி ஆகிவிடும், அந்தக் கீழ்முனையில்தான் மலிவு வால்யூம் கண்ட்ரோல்களில் இடது வலது சமநிலை குலைந்திருக்கும். டிபிஏ3255இன் பெருக்கம் 21.5 டெசிபெல், ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு. இரண்டு வோல்ட் தரும் டாக் (டிஜிட்டல் பாட்டை மின்னலையாக மாற்றும் கருவி) ஒன்றை மாட்டினால் 24 வோல்ட் வரும். 8 ஓமில் அது ஏறக்குறைய 70 வாட். வீட்டுக்கு இது பொருத்தமான அமைப்பு. இரைச்சலைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். இரவில் ஃபேனை நிறுத்திவிட்டு, பாட்டுப் போடாமல் ஆம்ப்பை மட்டும் ஆன் செய்து, டிவீட்டரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் காது கொடுத்தால் போதும்.

இனி, ஒலி எப்படி இருந்தது என்ற பகுதிக்கு வருகிறேன். நண்பர் ஒருவர் வடிகட்டிக்குப் பின் ஃபீட்பேக் எடுக்கும் டி வகை ஆம்ப் ஒன்றைச் சில நாள்களுக்குக் கொடுத்தார். என் பழைய ஏபி வகையுடன் மாற்றி மாற்றிக் கேட்டேன். இப்படி ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் ஒரு சதவீத மின்னழுத்த வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். அரை டெசிபெல் கூடுதலாக இருப்பதை நம் மூளை சத்தம் என்று உணராமல் தெளிவு என்றும் உயிர்ப்பு என்றும் எடுத்துக்கொள்ளும். 200 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரை வைத்துச் சமன்செய்தேன். சாதாரண மல்டிமீட்டரின் ஏ.சி. அளவு சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பத்தக்கதல்ல என்பதால் தாழ்ந்த சுரத்தையே எடுக்க வேண்டும். எந்த ஆம்ப் ஓடுகிறது என்று எனக்குச் சொல்லாமல் என் மகள் மாற்றினாள். தம்புராவின் ஜீவா நூல் எழுப்பும் அந்த மினுமினுப்பு, வயலின் வில் திரும்பும் இடத்தின் உரசல், நாகஸ்வரத்தின் உச்சஸ்தாயி, கடத்தின் வாய் வயிற்றோடு ஒட்டும்போது வரும் கும் என்ற ஓசை ஆகியவற்றைத் தேடிக் கேட்டேன். மிதமான சத்தத்தில் என்னால் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சத்தத்தைக் கூட்டியபோது மட்டும் தவிலின் தொப்பி அடியில் டி வகை கூடுதல் பிடிப்புடன் இருந்தது. பழையதன் பவர் சப்ளை தளர்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்று என்று கருதுகிறேன், வகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒரே ஓர் இடத்தில் டி வகை என்னைச் சீண்டியது. என் வீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ இன்னும் ஓடுகிறது; சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் அதில்தான் வரும். அதை ஆம்ப்புக்கு அருகில், அதே மேசையில் வைத்தால், செய்திக்கு அடியில் ஒரு சீழ்க்கை எழுகிறது. மத்திய அலை வரிசை 530 கிலோஹெர்ட்ஸிலிருந்து 1600 வரை நீள்கிறது. ஸ்விட்சிங் அதிர்வெண்ணின் மடங்குகள் அதற்குள்ளேயே விழுகின்றன. 450 கிலோஹெர்ட்ஸில் ஸ்விட்ச் செய்யும் சிப்புக்கு 900உம் 1350உம் இயல்பான மடங்குகள். இதை அறிந்தே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தன் சிப்பில் ஸ்விட்சிங் அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுத்து மாற்றும் வசதி வைத்திருக்கிறது. கார்களில் வரும் நவீன சிப்புகள் மத்திய அலைக்கு மேலே இரண்டு மெகாஹெர்ட்ஸைத் தாண்டி ஓடுகின்றன. ரேடியோவை இரண்டு மீட்டர் தள்ளி வைத்ததும் சீழ்க்கை போய்விட்டது. உலோகப் பெட்டி உள்ள ஆம்ப்பையும், குட்டையான ஸ்பீக்கர் ஒயரையும் தேர்ந்தெடுத்தால் தொல்லை இன்னும் குறையும். ரேடியோ கேட்காதவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

நான் உண்மையில் தயங்கியது பழுதுபார்க்கும் விஷயத்தில்தான். என் ஏபி வகை ஆம்ப் இரண்டு முறை படுத்தபோதும் மின்னணுப் பாகங்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வெளியீட்டு டிரான்சிஸ்டரும் கெபாசிட்டரும் வாங்கி வந்து, தெருமுனை மெக்கானிக் சால்டரிங் அயர்னை எடுத்து அரைமணியில் எழுப்பிவிட்டார். 2என்3055 டிரான்சிஸ்டரும் எஸ்டிகே ஐசியும் வைத்து அசெம்பிள் செய்த ஆம்ப்களில் கை பழகிய ஒரு தலைமுறையே நம்மூரில் இருக்கிறது. டி வகைப் பலகையில் பாகங்கள் அரிசி நொய் அளவுக்குச் சிறியவை. சிப்பின் கால்கள் கண்ணுக்கே தெரியாது. அயர்ன் வைத்துப் பிடுங்கினால் பலகையே போய்விடும். கடைகளில் தனிச் சிப்பு கேட்டால், பெயர் அழித்து மறுபெயர் அச்சிட்ட போலிகளும் கலந்து வருகின்றன. ஆகவே டி வகையில் பழுது என்றால் முழுப் பலகையையும் மாற்றுவது என்றே பொருள். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 85 முதல் 265 வோல்ட் வரை ஏற்கும் ஸ்விட்சிங் பவர் சப்ளை, மாலையில் 180 வோல்ட்டுக்கு இறங்கும் புறநகர் மின்சாரத்திலும் அசராமல் நிற்கும், ஸ்டெபிலைசர் வேண்டாம். இடி மின்னலின்போது பிளக்கைப் பிடுங்கிவிடும் பழக்கம் மட்டும் இருந்தாக வேண்டும். அடாப்டர் வெளியே தனியாக இருக்கும் மாடலை வாங்கினால், மின்னலில் முதலில் போவது அந்த அடாப்டராகவே இருக்க வாய்ப்பு அதிகம், அதை எங்கும் வாங்கலாம். நான் அப்படிப்பட்ட மாடலையே தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் காரணம்.

ஆக, என் அறைக்கும் என் ஸ்பீக்கருக்கும் கிளாஸ் டி பொருந்துகிறது, வாங்கியும் விட்டேன். வடிகட்டிக்குப் பின் ஃபீட்பேக், 8 ஓமில் ஐம்பது வாட்டைத் தாண்டும் உண்மையான திறன், தனி அடாப்டர், உலோகப் பெட்டி என்ற நான்குமே இருபதாயிரம் ரூபாய்க்குள் அடங்கின. நல்ல நிலையில் இருக்கும் ஏபி வகை ஆம்ப் வைத்திருப்பவர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இதற்கு மாற வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன்; அந்தப் பணத்தை ஸ்பீக்கருக்கோ, வெறும் சுவர்களுக்குத் திரைச்சீலை போடவோ செலவழித்தால் காதுக்குத் தெரியும் மாற்றம் கிடைக்கும்.

வாங்குவோர் மாட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சிப் ஆம்ப்களில் கறுப்பு ஸ்பீக்கர் டெர்மினல் எர்த் அல்ல. சிவப்பைப் போலவே அதிலும் மின்னழுத்தம் இருக்கிறது. பழைய பழக்கத்தில் இடது வலது கறுப்பு ஒயர்களை ஒன்றாக முறுக்கினாலோ, சப்வூஃபரின் ஸ்பீக்கர் லெவல் ஒயரில் (ஆம்ப்பின் ஸ்பீக்கர் டெர்மினலிலிருந்தே ஒலியை எடுக்கும் ஒயர்) உள்ள எர்த்தைக் கறுப்பு டெர்மினலில் கொடுத்தாலோ, ஹெட்ஃபோன் பிரிப்பான் பெட்டி எதையாவது மாட்டினாலோ சிப் அந்தக் கணமே போய்விடக்கூடும். சப்வூஃபருக்கு ஆம்ப்பிலேயே தனி வெளியீடு இருந்தால் அதிலிருந்து ஆர்சிஏ ஒயரில் எடுங்கள். இல்லையென்றால் எர்த் ஒயரை ஆம்ப்பின் உலோகப் பெட்டியில் உள்ள திருகாணியில் கட்டுங்கள், அதற்கு முன் அந்த சப்வூஃபரின் கையேட்டில் பிரிட்ஜ் முறை ஆம்ப்களுக்கான பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.